காதலன் பெட்டியில் ஓர் அந்நிய அட்டை

காலை 10.10.

அகராதி அலுவலகத்தின் அட்டை அறையில், 'காதலன்' என்று சீட்டு ஒட்டிய பெட்டியைத் தலைமைப் பதிப்பாசிரியர் திறந்தார். தொண்ணூற்று மூன்றாம் அட்டையை உருவி ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுமுறை படித்தார். எண் அதேதான், வாக்கியம் வேறு.

இருக்கவேண்டிய வாக்கியம் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்: "காதலன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் உங்களுக்கு வேறு சொல் என்னிடம் இல்லை." நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் யாருக்கோ எழுதிய கடிதத்திலிருந்து எடுத்த மேற்கோள் அது. அன்று மாலை நான்கு மணிக்கு அகராதியின் இரண்டாம் தொகுதி அச்சுக்குப் போகிறது. ஊழியர்களின் குடும்பத்தார் வருவார்கள். அவர்கள் பார்க்க அந்தக் கடிதத்தையே, எழுதியவர் பெயருடன், கண்ணாடிப் பேழையில் வைப்பதாகப் பதிப்பாசிரியர் சென்ற வாரம் அறிவித்திருந்தார்.

இப்போது அவர் கையில் இருந்த அட்டையில், "அவளுடைய காதலன் வெளியூர் சென்றிருப்பதாகக் கேள்வி" என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே, 'கட்டு 41, கடிதம் 7.'

வேறு அலுவலகமாக இருந்தால் ஓர் அட்டை போனதற்கு யாரும் தலையில் கை வைத்திருக்க மாட்டார்கள். இங்கே அட்டைதான் எல்லாம். அச்சுப்படியும் அட்டையும் முரண்பட்டால் அச்சுப்படியைத்தான் திருத்துவார்கள். தவிர, பதினோராயிரம் கடிதங்களில் எது எங்கே இருக்கிறது என்பது அட்டையில் மட்டுமே பதிவாகும். அட்டை போனால் கடிதமும் போனதுபோலத்தான்.

பெட்டியைக் கடைசியாகக் கையெழுத்திட்டு எடுத்தவர் யார் என்று பதிவேட்டைப் புரட்டினார்கள். முந்தாநாள் மாலை 5.20, தட்டச்சுப் பெண். அவளுடைய தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது.

பதிப்பாசிரியர் அவளைக் கூடத்துக்கு அழைத்து, அனைவர் முன்னிலையிலும் கேட்டார். அட்டையைத் தொலைத்துவிட்டு, வாய்க்கு வந்ததை அடித்துச் செருகியிருக்கிறாள் என்பது அவர் முடிவு. அவள் இல்லையென்று மூன்று முறை சொன்னாள்.

"நாலு மணிக்குள்ள அட்டை வரணும். வரலேன்னா, நாளைக்கு நீங்க வர வேண்டாம்மா."

கூடத்தின் மூலையில் பென்சிலும் கையுமாக நின்றிருந்த மெய்ப்புத் திருத்துநர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறர் விட்ட காற்புள்ளிகளைப் பொறுக்கி எடுத்தே இருபது ஆண்டுகளைக் கழித்தவர். ஆகவே அலுவலகத்தில் அவருக்குக் கமா அக்கா என்று பெயர். தட்டச்சுப் பெண் அவருடைய கணவரின் தங்கை. வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவரே.

"ஐயா, நாலு மணிவரைக்கும் எனக்கு அனுமதி கொடுங்க. நான் விசாரிக்கிறேன்," என்றார் கமா அக்கா.

"உங்க வீட்டுப் பொண்ணாச்சே?"

"அவ தப்பு பண்ணியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிடறேன், ஐயா."

காலை 10.50.

முதலில் வேர்ச்சொல் ஆய்வாளரிடம் சென்றார். புலவர் என்றால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். 'காதலன்' பதிவின் மீது அவருக்குத் தீராத கோபம் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. கேட்டதும் கொட்டித் தீர்த்தார். காதல் என்பது காத்தலிலிருந்து பிறந்தது என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாராம். பதிப்பாசிரியர் சான்று போதாது என்று பென்சிலால் ஒரே கோடு போட்டுவிட்டாராம்.

"பழைய காவியத்துல பெத்த மகனையே காதலன்னு சொல்லியிருக்காங்க, அம்மா. புருஷனும் காதலன், தோழனும் காதலன். அவ்வளவு பெரிய குடும்பம் அந்தச் சொல்லுக்கு. இப்ப வீட்டுல சத்தமாச் சொல்லிப் பாருங்க, அடுப்படியில பாத்திரம் விழும்."

"அதனால அட்டையை மாத்திட்டீங்களா?"

"நானா? நான் திருடினா என் ஆறு பக்கத்தைத்தானே உள்ள வெச்சிருப்பேன்!"

கமா அக்காவுக்கு அது நியாயமாகவே பட்டது. புலவர் எதையும் ஒளித்து வைக்கும் ரகமல்லர், கோபத்தைக்கூட.

பகல் 12.15.

கடித அறை வடக்குக் கோடியில் இருந்தது. பொதுமக்கள் தந்த பழங்கடிதக் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. முப்பத்தெட்டாம் கட்டு வரை அட்டை எழுதி முடிந்திருந்தது. மிச்சம் மேசைமேல் நூல் சுற்றிக் கிடந்தன. அவற்றைப் பிரித்துப் படித்து மேற்கோள் எடுப்பவருக்குக் கடிதாசி சார் என்று பெயர். அடங்கிய மனிதர். பிறர் பேச்சில் ஒரு தேதி பிசகினால்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருத்துவார்.

உணவு நேரம் தொடங்கியிருந்தது. அவர் டப்பாவைத் திறக்கவில்லை.

"பெட்டிப் பக்கம் யாராவது போனதைப் பார்த்தீங்களா, சார்?"

அவர் தூரிகையால் ஒரு கடிதத்தின் தூசியைத் தட்டினார். தூசி போன பிறகும் தட்டினார்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்ல மாட்டா," என்றார்.

வீட்டம்மா மாலை நிகழ்ச்சிக்கு வருகிறாரா என்று கமா அக்கா பேச்சை மாற்றினார். வருகிறாள் என்று தலையசைத்தார்.

பிற்பகல் 1.40.

தட்டச்சு அறையில் நாத்தனார் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சீப்பு, பொத்தான், பாதி தீர்ந்த களிம்பு எல்லாம் ஒரு பையில் இருந்தன.

"நீங்களும் நம்பலையா, அண்ணி?"

"நம்பறதும் நம்பாததும் அப்புறம். முந்தாநாள் பெட்டியை எதுக்கு எடுத்தே?"

அட்டைகளை எண்ணச் சொன்னார்களாம். எண்ணினாள், நூற்று எண்பத்தேழு, வைத்துவிட்டாள். தொண்ணூற்று மூன்று அப்போது இருந்தது. படித்ததுகூட நினைவிருக்கிறது.

"வேணும்னே பழி போடறாங்க. தொலைச்சிருந்தா மாத்தி எதுக்கு அடிக்கணும்? அந்த வாக்கியம் எனக்குத் தூக்கத்துலகூட வரும். அதையே திருப்பி அடிச்சு வெச்சிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

கமா அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார். அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நடந்தார்.

பிற்பகல் 2.30.

கடித அறைக்குப் பதிப்பாசிரியரை அழைத்து வந்து கதவைச் சாத்தினார். கடிதாசி சார் எழுந்து நின்றார். மேசைமேல் இருந்த கட்டுகளில் நாற்பத்தொன்றை எடுத்து, நூலைத் தளர்த்தி, ஏழாம் கடிதத்தைக் கமா அக்கா விரித்தார். யாரோ ஓர் உறவினர் எழுதிய ஊர் வம்பு. இரண்டாம் பக்கத்தின் நடுவில் அது இருந்தது: 'அவளுடைய காதலன் வெளியூர் சென்றிருப்பதாகக் கேள்வி.' ஓர் எழுத்தும் மாறவில்லை.

"ஐயா, நாம எல்லாரும் காணாமப் போன வாக்கியத்தையே நினைச்சுக்கிட்டிருந்தோம். வந்து உட்கார்ந்த வாக்கியத்தை யாரும் விசாரிக்கல. அது நிஜமான மேற்கோள். அதே காலத்துக் கடிதம், அதே பொருள், சரியான எண்."

பதிப்பாசிரியர் கடிதத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தொலைச்சவ பழைய வாக்கியத்தையே அடிச்சிருப்பா, அவளுக்கு அது மனப்பாடம். இது அந்த வாக்கியமே இருக்கக்கூடாதுன்னு நினைச்சவர் செஞ்சது. ஆனா அவருக்கு அகராதியில ஓட்டை விழவும் மனசில்ல, பொய் எழுதவும் கை வரல. ஒரு வாரமாத் தேடி நிஜமாவே ஒண்ணைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்கார். அட்டை எழுதினது முப்பத்தெட்டாம் கட்டோட நிக்குது. நாற்பத்தொண்ணைப் பிரிச்சுப் படிச்ச கை இந்த அலுவலகத்துல ஒண்ணுதான்." கமா அக்கா கடிதாசி சார் பக்கம் திரும்பினார். "இப்படித் திருட உங்களால மட்டும்தான் முடியும், சார்."

கடிதாசி சார் சட்டைப் பையிலிருந்து பழுப்பேறிய அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். கிழித்துப் போடவும் அவருக்கு மனம் வந்திருக்கவில்லை.

"ஏன்?" என்றார் பதிப்பாசிரியர்.

"என் வீட்டுக்காரி எழுதினது, ஐயா. எனக்கு இல்ல."

பிறகு மெல்லச் சொன்னார். அவர்கள் திருமணத்துக்கு முந்தைய ஆண்டின் கடிதம் அது. கடிதத்தைப் பெற்றவர் இறந்தபின் அவர் வீட்டார் கட்டோடு கொடுத்துவிட்டார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பிரித்தபோதே கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். நல்ல மேற்கோள், விட மனமில்லாமல் அட்டையும் எழுதினார். வாக்கியம் மட்டும் அச்சாகும்வரை அவருக்கு ஒன்றுமில்லை. கண்ணாடிப் பேழை, பெயர், அதன்முன் அவள் வந்து நிற்பது என்றதும்தான் தாங்கவில்லை.

"கடிதம் கிடைக்கலேன்னா என்னைத்தான் கேப்பீங்கன்னு நினைச்சேன். நேத்து எல்லாரும் போனப்புறம் நானே அட்டை அடிச்சு, கையெழுத்துப் போடாம மாத்தி வெச்சேன். பதிவேட்டைப் பார்ப்பீங்கன்னு தோணல. காலையிலேருந்து நாலு தடவை எழுந்தேன், ஐயா. கால் நகரல."

அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்து விஷயத்தை முடித்துவிடலாம் என்றார் பதிப்பாசிரியர்.

"மன்னிக்கணும், ஐயா," என்றார் கமா அக்கா. "பழி போட்டது கூடத்துல. எடுக்கறதும் கூடத்துலதான் நடக்கணும்."

அவர் சொல்வது சரி என்று கடிதாசி சார் தலையசைத்தார்.

மாலை 3.40.

கூடத்தில் குடும்பத்தார் வந்து அமர்ந்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் கடிதாசி சாரின் மனைவி, கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்து இடம் பிடித்திருந்தார். பேழை காலியாக இருந்தது.

கடிதாசி சார் முன்னே வந்து நின்றார். தொண்ணூற்று மூன்றாம் அட்டையை எடுத்தவர் தாம்தான் என்றும், தட்டச்சுப் பெண்ணுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் கூறினார். பதிப்பாசிரியர் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, நாளை காலை வழக்கம்போல வரும்படி வேண்டிக்கொண்டார்.

அவள் அவ்வளவு எளிதில் இறங்கி வரவில்லை. "காலையிலேயே சொல்லியிருக்கலாமே, சார்," என்றாள் கடிதாசி சாரிடம்.

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து மனைவி கேட்டார்.

"என்னங்க எழுதியிருந்தது அந்த அட்டையில?"

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று கமா அக்கா நினைத்தார். அந்த மனிதரோ அட்டையைக் கையில் எடுத்து, முகத்தருகே பிடித்து, அப்படியே படித்தார். "காதலன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் உங்களுக்கு வேறு சொல் என்னிடம் இல்லை."

"எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க?" என்று மனைவி கேட்டார்.

"பதினொண்ணு."

"எழுதினவங்களைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"பதினோரு வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார் அந்த அம்மாள். பிறகு பதிப்பாசிரியரைப் பார்த்தார். "வாக்கியம் இருக்கட்டும், ஐயா. கடிதம் வேண்டாம், பேரும் வேண்டாம்."

பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடிதாசி சார் சிறிது நேரம் அங்கேயே நின்றார். பிறகு மெதுவாக நடந்து சென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.