ஒட்டாத தண்ணீர்

கை நனையவில்லை.

காலையில் முகம் கழுவக் குழாயடியில் நின்ற கெமிஸ்ட் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையில் விழுந்த தண்ணீர் தாமரை இலையில் விழுந்ததுபோல் உருண்டு திரண்டு விரலிடுக்கு வழியே நழுவிப்போனது. துண்டை எடுத்தால் துடைக்க ஒன்றுமில்லை. முழங்கைக்குத் தடவிய தைலத்தின் பிசுக்காக இருக்கும் என்று சோப்பைப் போட்டார். அது காய்ந்த கல்லாகக் கரகரத்ததே தவிர நுரை வரவில்லை. குளிக்கப் போனால் இன்னும் கூத்து. ஷவர் தண்ணீர் அவர் தோளில் தார்ப்பாய்மேல் மழை பெய்வதுபோல் படபடவென்று அடித்துத் தெறித்து, சுவரை நனைத்து, கதவை நனைத்து, அவரை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

"குளிச்சீங்களா, இல்ல குழாயத் தெறந்துவிட்டு வேடிக்கை பாத்தீங்களா?" என்றாள் மனைவி, அவருடைய காய்ந்த தலையைப் பார்த்து.

"தண்ணி சரியா வரல" என்று சமாளித்தார். சமாளிப்பது அவருக்குக் கைவந்த கலை.

காபியை வாயில் வைத்தார். சூடு தெரிந்தது, மணம் தெரிந்தது, நாக்கில் ஒரு சொட்டுகூடப் படியவில்லை. கோலிக்குண்டாக உருண்டு தொண்டைவரை போன காபி, உள்ளே இறங்கப் பிடிக்காததுபோல் திரும்பி வந்து உதட்டோரம் வழிந்தது. சட்டையில் கறைகூட இல்லை. அவள் அடுப்பைப் பார்த்து நின்றதால் கவனிக்கவில்லை. அவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மனுஷர் வேலை பார்த்தது ஆற்றங்கரைப் பூச்சுத் தொழிற்சாலையில். வாணலியில் எதுவும் பிடிக்காமலிருக்க, மழைக்கோட்டில் ஈரம் இறங்காமலிருக்கப் பூசுகிறார்களே, அந்தப் பூச்சு. அதில் சேர்கிற ரசாயனத்தை வெயில் தின்னாது, மண் தின்னாது, காலமும் தின்னாது. கழிவோடு ஆற்றில் இறங்கினால் மீனுக்குள் போகும், வாத்துக்குள் போகும், வாத்து முட்டை தின்கிற பிள்ளைக்குள்ளும் போய்க் குடியேறிவிடும். ஆற்றையும் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் சோதித்துச் 'சுத்தம்' என்று சொல்வது கெமிஸ்டின் வேலை.

அதற்கு அவர் வைத்திருந்த வித்தை ரொம்பச் சின்னது. இந்தச் சோதனைக்குத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். இவர் கண்ணாடி பாட்டிலில் பிடிப்பார். சில நாள் அலமாரியில் அசைக்காமல் வைத்திருப்பார். விஷத்தில் ஒரு பங்கு கண்ணாடிச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். மேலாக ஊற்றியெடுத்த தண்ணீர் யோக்கியமாகிவிடும். கண்ணாடியைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? இப்படித்தான் ஊருக்கே தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் 'கைராசிக்காரர்' என்று கிண்டலடிப்பார்கள். அவர் தொட்டால் எந்தத் தண்ணீரும் தேறிவிடுமாம்.

போன வருஷம் வாத்து வளர்க்கிற பெண் ஒருத்தி வந்து வாசலில் நின்றாள்.

"சார், வாத்தெல்லாம் கழுத்து தொங்கிச் சாகுது. எம்பொண்ணுக்கு எங்க கெணத்துத் தண்ணியக் குடுக்கலாமா?"

இவர் வழக்கம்போல் சோதித்துவிட்டு, "தாராளமா குடுங்கம்மா" என்றார். அந்தப் பெண்குழந்தை சிறுநீரகம் கெட்டு, முகம் வீங்கி, பால்பற்கள் விழுந்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. செய்தி வந்த அன்றும் இவர் சாப்பாட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பாவி.

இப்போது அந்தப் பாவிக்கு மத்தியானத்துக்குள் நாக்கு செருப்புத் தோலாகக் காய்ந்துவிட்டது. ஆய்வுக்கூடக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குழாய்த் தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர், கூலர் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வாயில் கவிழ்த்தார். எல்லாம் உருண்டு தரையில் விழுந்தன. குளிர்பெட்டியின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை. தரையில் கிடந்த முத்துக்கள் தாமாக நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. அவர் ஓரடி வைத்தால் ஓரடி விலகின. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பார்கள். இவர் குடிக்கத் தயார், தண்ணீர்தான் சம்மதிக்கவில்லை.

கடைசியில் அலமாரி மூலையில் வாத்துக்காரியின் கிணற்றுத் தண்ணீர் பிடித்த பாட்டில் கண்ணில் பட்டது. கொட்ட மறந்தது. எடுத்துக் குலுக்கி ஒரு சொட்டைக் கையில் விட்டார்.

பரவியது. நனைத்தது.

அதில் என்ன இருக்கிறதென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பாட்டிலை மூடி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். பிறகு மூடியைப் பிடுங்கியெறிந்துவிட்டு மடமடவென்று குடித்தார். ஒரே வாய்தான் இருந்தது. அது இறங்கிய சுகத்தில் அவருக்கு அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் நிற்காமல் உருண்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நாக்கு முன்னைவிடக் காய்ந்தது.

வெயில் இறங்கும்போது அவர் ஆற்றோரப் பாதையில் நடந்துகொண்டிருந்தார், ஓட்டமும் நடையுமாக. கரையில் வெள்ளை நுரை முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கி, காற்றில்லாமலே நடுங்கியது. கொக்கு இல்லை, தவளை இல்லை. வாத்துப் பட்டிகள் திறந்து கிடந்தன. உள்ளே இறகும் பழைய எச்ச நாற்றமும்தான்.

கிணற்றடியில் வாத்துக்காரி நின்றாள். வாளி நிரம்பியிருந்தது. வருவார் என்று தெரிந்து இறைத்து வைத்தவள்போல் நின்றாள்.

"தண்ணி" என்றார். குரல் சருகாக வந்தது.

"குடிங்க சார். கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்ற பழக்கம் எங்களுக்குக் கெடையாது."

மண்டியிட்டு வாளிக்குள் முகத்தைப் புதைத்தார். வாய் நனைந்தது. தொண்டை நனைந்தது. நாக்குக்கு உயிர் வந்ததும், நடுவே தலையைத் தூக்கி, மூச்சு வாங்க, எத்தனையோ வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டார்.

"இத யாரும் குடிக்கக் கூடாதும்மா. இதுல வெஷம் இருக்கு."

"தெரியும் சார்" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பொதைச்சப்பறம் தெரிஞ்சுது."

நிறுத்தப் பார்த்தார். தலையை எடுத்தால் நாக்கு வெடித்தது. குடித்தார். வயிறு கல்லானது. குடித்தார். வாளி காலியானது. அடுத்த வாளியை அவள் இறைக்கவில்லை. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"தள்ளாம வாங்க. எல்லார் பங்கையும் சார் குடிச்சிட்டுத்தான் போவாரு."

அவர் திரும்பினார்.

வரிசை. கிணற்றடியிலிருந்து ஆற்றங்கரை வரை. கரையோரமாக, இருட்டு தொடங்கும் இடம் வரை. வீங்கிய முகங்கள். ஆளுக்கொரு குடம். ஆட்களுக்கு நடுநடுவே வாத்துகள், கழுத்து தொங்கியபடி, அவையும் வரிசையில்.

முன்னால் நின்றவள் ஒரு சிறுமி. இமைகள் வீங்கிக் கண் மூடியிருந்தது. குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, தளும்பாமல், பொறுமையாக அவர் முகத்தருகே கொண்டுவந்தாள்.

அவர் வாய் தானாகத் திறந்தது.