மஞ்சள் சேனலில் இன்னொருவர்

கண்ணாடி அலமாரிக்குள் நின்ற லாரியின் சக்கரங்கள் நனைந்திருந்தன.

அலமாரி பூட்டியிருந்தது. சாவி மெர்வினின் சட்டைப்பையில் இருந்தது. மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இருந்த, ரிமோட்டில் ஓடும் பழைய ஜப்பான் ரேடியோ கார்களெல்லாம் மெழுகு பூசிய மேனியோடு மாப்பிள்ளைத் தோழர்களைப்போல விறைத்து நிற்க, நடுத்தட்டின் சிவப்பு லாரி மட்டும் இப்போதுதான் எங்கேயோ போய்த் திரும்பியதுபோல, ரப்பர் பற்களுக்கிடையே மணலை வைத்துக்கொண்டு நின்றது. அவர் கதவைத் திறந்ததும் பாசியும் சேறும் கலந்த ஆற்று வாடை முகத்தில் வந்து மோதியது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைத்த இடத்தில் ஈரம் மறுபடியும் பைய ஊறியது.

ஐப்பசி மழை, கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரைத் தெரு, சுவரெல்லாம் ஓதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தை நம்பிக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பை நனைந்தது.

மெர்வின் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அது சம்பளத்துக்கு. அவருடைய முகவரி அட்டையில் 'ரேடியோ கார் வரலாற்றறிஞர்' என்று அச்சடித்திருந்தது. அவர் வீட்டுக் கார்களைத் தொட விரும்புகிறவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் வாங்கிய கையுறைகள் ஒரு வெள்ளித்தட்டில் தாம்பூலம்போல அடுக்கியிருக்கும். கூடத்துச் சுவர் முழுக்கத் தேக்குச் சட்டம் போட்ட பழைய பத்திரிகை விளம்பரங்கள். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்கார அப்பா கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு புல்வெளியில் மண்டியிட்டிருப்பார். அந்த அப்பாமாரைப் பார்த்துப் பார்த்துத்தான் மெர்வினுக்கும் தன் அப்பாவைப் பற்றிக் கதை சொல்ல வந்தது.

"எங்கப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த லாரி இது. எனக்கு அப்போ பத்து வயசு."

அவருடைய அப்பா மிஷன் பள்ளியில் குமாஸ்தா. மதுரையைத் தாண்டியதில்லை. இந்தக் கதை ஒவ்வொரு முறை அரங்கேறும்போதும் அடுக்களையில் மனைவி பியூலாவின் கையிலிருந்து ஏதாவது ஒரு பாத்திரம் சத்தமாகக் கீழே விழும்.

லாரி காயல்பட்டினத்து ஆபிதா பீவியுடையது. அவருடைய கணவர் பாவா துபாயில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். யாரோ தூக்கிப்போட்ட பத்திரிகையில் அதன் விளம்பரத்தைப் பார்த்து, அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்து, விடுமுறைக்கு வரும்போது லாரியோடு வந்தார். ஊரே சிரித்தது. அவர் பாட்டுக்குத் தாமிரபரணி ஆற்றுமணலில் ஓட்டினார். ஒரு சாயங்காலம் லாரி தண்ணீருக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ள, எடுக்கப் போனார். லாரி கரையொதுங்கியது. பாவா கிடைக்கவில்லை. அவர் கையிலிருந்த ரிமோட்டும் கிடைக்கவில்லை.

"ஓட வச்சுக் கொண்டாங்க தம்பி," என்று மெர்வினைத் தேடி வந்து ஆபிதா பீவி கொடுத்தார். "அது ஓடுத சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டா போதும் எனக்கு." அந்த விளம்பரத்தாளையும் கூடவே கொடுத்தார், எப்படி இருந்தது என்று பார்த்துச் சரிசெய்யட்டும் என்று.

மெர்வின் சரிசெய்தார். தன்னிடமிருந்த ஒரு ரிமோட்டில், லாரிக்குரிய அலைவரிசையான மஞ்சள் சேனலின் கிரிஸ்டலைச் செருகி ஓட்டினார். ஓட்டியதும் கொடுக்க மனம் வரவில்லை. போனில் அழைத்து, மோட்டார் எரிந்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். "போட்டுட்டீங்களா... சரி வாப்பா," என்றார் அந்த அம்மாள், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல. திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு. அன்றைக்கு இரவு விளம்பரத்தாளைச் சட்டத்துக்கு வெட்டும்போது, ஓரத்தில் பாவா பென்சிலால் எழுதியிருந்த 'ஆபிதாட்ட காட்டணும்' என்ற வரி கத்தரிக்கோலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அதை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் அடியில் செருகினார்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. தில்லைநாயகம் வந்துவிட்டார். அவர் பழம்பொருள் ஆர்வலர் மன்றத்தின் தலைவர். மன்றத்தில் மீதி எல்லாரும் துணைத்தலைவர்கள். மறுநாள் விழாவில் மெர்வினுக்குப் பொன்னாடையும் பட்டமும். அங்கே திரையில் போட்டுக்காட்ட ஒரு படம் பிடிக்க வேண்டும்.

"லைட்டு மங்குததுக்குள்ள முடிச்சிருவோம் வே," என்று செல்போனை உயர்த்தினார் தில்லைநாயகம். "அப்பா கதையில இருந்து ஆரம்பியும். அதுலதான் கண்ணீர் வரும்."

மெர்வின் ஆரம்பித்தார். அடுக்களையில் கரண்டி விழுந்தது. லாரியைத் தரையில் வைத்து, ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டார்.

ரேடியோ கார்க்காரர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒரே சேனலில் இரண்டு ரிமோட் இருந்தால் வண்டி யார் பேச்சைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் சேனலின் நிறத்தைச் சத்தமாகக் கேட்க வேண்டும், பிறகு ரிமோட்டைப் போட வேண்டும், கடைசியாகத்தான் வண்டியை. இதைப் பற்றி மெர்வின் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

"மஞ்சள்ல யாரும் இருக்கீங்களா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார், படத்துக்காக. கேட்டுவிட்டு, அவசரத்தில், லாரியின் பொத்தானை முதலில் அழுத்திவிட்டார்.

லாரி புறப்பட்டது.

"பலே!" என்றார் தில்லைநாயகம்.

மெர்வின் தன் ரிமோட்டைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. அவர் இன்னும் அதைப் போடவே இல்லை. பக்கத்து வீட்டில் ஏதோ சாதனம், ஏதோ அலை, என்று நினைத்தார். நிறுத்தியிருக்கலாம். ஆனால் செல்போன் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. வரலாற்றறிஞரின் வண்டி வரலாற்றறிஞர் சொல்லாமல் ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது? கட்டைவிரல்களை அசைத்தார். லாரி இடப்பக்கம் திரும்பியது. அதைப் பார்த்துவிட்டு அவரும் இடப்பக்கம் திருப்பினார். லாரி நின்றது, அவரும் நிறுத்தினார்.

"என்ன லாவகம் வே! சோபாவுக்கு அடியில விடும், பாப்போம்."

லாரி சோபாவுக்கு அடியில் போகவில்லை. விளம்பரங்கள் மாட்டிய சுவரோரமாக, ஒவ்வொரு சட்டத்துக்குக் கீழேயும் தேடுவதுபோல நின்று நின்று போனது. பாவாவின் தாளுக்குக் கீழே வந்ததும் நகரவில்லை. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. தரையில் சக்கரத்தடம் இரண்டு ஈரக்கோடாக மின்னியது. அந்த ஆற்று வாடை இப்போது கூடம் முழுக்க, பஜ்ஜி எண்ணெய் மணத்தையும் அமுக்கிக்கொண்டு, தொண்டைவரை நிறைந்தது.

மெர்வினின் கண் மேசைப் பக்கம் போனது.

அங்கே சார்ஜரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பேட்டரி செருகியிருந்தது. லாரியின் பேட்டரி. காலையில் அவரே கழற்றிச் செருகி வைத்துவிட்டு மறந்தது.

லாரி திரும்பியது. அவரை நோக்கி வந்தது. கால் பெருவிரலில் மெதுவாக முட்டியது. பின்வாங்கியது. மறுபடி முட்டியது.

"பாசத்தப் பாரும்!" என்று சிரித்தார் தில்லைநாயகம்.

மெர்வினும் சிரித்தார்.

செல்போன் அடித்தது. அவருடையது. திரையில் ஆபிதா பீவியின் எண்.

"எடும் வே. ரசிகராத்தான் இருக்கும். அதையும் படத்துல சேத்துருவோம்."

எடுத்தார்.

"தம்பி, காயல்பட்டினத்துல இருந்து ஆபிதா பேசுதேன். தொந்தரவு பண்ணுததுக்குக் கோவிச்சுக்காதீங்க. அந்தக் குப்பைய எங்கன போட்டீங்கன்னு மட்டும்..." குரல் நின்றது. "அது என்ன தம்பி சத்தம்? அவங்க லாரி மாதிரில்லா கேக்குது?"

லாரி அவர் காலடியில் உறுமியது. ஒரு வார்த்தை போதும். ஆமாம்மா. அவ்வளவுதான். தில்லைநாயகம் புன்னகையோடு செல்போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"இல்லம்மா," என்றார் மெர்வின். "மிக்ஸி. வீட்டுல சட்னி அரைக்காங்க."

"மிக்ஸியா... சரி வாப்பா. நல்லா இருங்க."

லாரி அணைந்தது.

மெர்வினின் வலது கால் ஓர் அடி எடுத்து வைத்தது.

அவர் எடுத்து வைக்கவில்லை. கால் வைத்தது. பிறகு இடது கால். ரிமோட் கையிலிருந்து நழுவி விழுந்தது. கைகள் அவருடையவை. வாயும் அவருடையது. இடுப்புக்குக் கீழே வேறு யாரோ. நேராகப் போய்க் கதவு நிலையில் இடித்தார். இரண்டு எட்டு பின்னால் வந்தார். கொஞ்சம் இடப்பக்கம். நேர். வாசல்.

"எங்க வே போறீரு?"

"காத்தாட... ஆத்துப் பக்கம்."

பியூலா பஜ்ஜித் தட்டோடு வெளியே வந்தாள். "ஏங்க, செருப்புகூடப் போடாம? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?"

அவளிடம் சொல்லலாம். பிடித்துக்கொள் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும், தில்லைநாயகத்துக்கு முன்னால்.

"இந்தா, வந்துருதேன்," என்றார்.

தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எதிரே வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னார். ஒரு மின்கம்பத்தில் மோதிப் பின்வாங்கினார். யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படித்துறை வந்தது. தாமிரபரணி செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. முதல் படி. அடுத்த படி. குளிர்.

குளித்துக்கொண்டிருந்த சர்ச் கமிட்டி உறுப்பினர் இன்பமணி நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், பேன்ட்டோட இறங்குதீங்க?"

"சும்மாதான். உடம்புச் சூடு."

இடுப்பு. மார்பு.

"இழுப்பு ஜாஸ்தி சார் இன்னைக்கு. நீச்சல் தெரியும்லா?"

தெரியாது. காப்பாத்துங்க என்று கத்த வாயைத் திறந்தார். படித்துறையில் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

"ஓ... சின்ன வயசுலயே," என்றார். "எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு."

கழுத்து. உதடு. மூக்கு.

தண்ணீருக்கு அடியில் சத்தமே இல்லை. கண்கள் திறந்திருந்தன. செந்நிறக் கலங்கலுக்குள், இழுப்பு கொஞ்சமும் அசைக்காமல், ஓர் ஆள் நின்றிருந்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு கைகளாலும் வயிற்றுக்கு முன்னால் ஒரு ரிமோட்டைப் பிடித்தபடி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மணல். கட்டைவிரல்கள் மட்டும் பொறுமையாக அசைந்தன. மெர்வினின் கால்கள் லேசாக வலப்பக்கம் திரும்பி, நேராகி, அந்த ஆளை நோக்கி நடந்தன.