களத்துக்கு மேற்கே விழுந்த பதர்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, சர்வேயர் கன்னியப்பன் பாதிச் சவரத்தில் இருந்தபோது அந்தப் பெண் வந்து நின்றாள். உத்திரமேரூர்க் கடைத்தெருவில் அவருடைய வாடகை அறை. அளவுச் சங்கிலியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்த செயின்மேன் கோபால் நிமிர்ந்து பார்த்தான்.

"சர்வேயரய்யா கீறாரா?"

நிலம் அளப்பதுதான் கன்னியப்பனின் உத்தியோகம். ஆனால் போன வருஷம், 1957இல், பெருநகரில் எல்லைக்கல்லை நகர்த்தியவன் யாரென்று கல்லடிக் கறையானை வைத்தே அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் யாருக்குச் சிக்கல் என்றாலும் இந்த வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

"உள்ளே வாம்மா. என்ன விஷயம்?"

"எம் பேரு மார்த்தாளுங்க. ஏரியில ஏரோப்ளேன் எறங்கறதுக்குப் பொகை போடறாரே ஞானதாஸு, அவரு சம்சாரம். நேத்து சாயங்காலம் தாண்டவராய ஆண்டையோட வைக்கப்போர் எரிஞ்சிபோச்சி. உம் பொகையிலேர்ந்துதான் நெருப்பு பறந்திச்சின்னு ஊரு பூரா கேக்கறமாதிரி கத்தறாரு. குடிசை அவரு எடத்துல கீது. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள பிரிச்சிக்கினு போயிடணுமாம். நாங்க எங்க போவோம் சொல்லுங்க?"

"ஞானதாஸ் என்ன சொல்றான்?"

"அணைச்சிட்டுத்தான் வந்தேன்றாரு. யாரு நம்பறாங்க? ஆண்டை வூட்டு அம்மா மட்டும் விடியறப்போ யாருக்கும் தெரியாம ஒரு படி அரிசி குட்த்தனுப்ச்சாங்க. அதை உலையில போட மனசு வரல."

"அரிசியா?" என்றார் கன்னியப்பன். மீதிச் சவரத்தை முடித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அந்தக் கோடையில் ஏரோப்ளேனைப் பற்றித் தெரியாதவர்கள் உத்திரமேரூரில் இல்லை. சென்னையில் பல் டாக்டராக இருக்கும் ஐசக், வாரம் பூராவும் பல் பிடுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேர் உட்காரக்கூடிய தன்னுடைய மஞ்சள் விமானத்தில் கிளம்பிவிடுவார். வற்றிக் கிடந்த ஏரியில் இறங்குவார், நான்கு நுங்கு சாப்பிடுவார், மறுபடியும் பறந்துவிடுவார். அதைத் தவிர வேறு காரியம் எதுவும் அவருக்கு இங்கே இருந்ததாகத் தெரியவில்லை. நேற்று பதினொரு மணிக்கு வந்தவர், பன்னிரண்டுக்கெல்லாம் பெங்களூர் பக்கமாகப் போய்விட்டார். இனி அடுத்த ஞாயிறுதான்.

"நெருப்பு பறந்திருக்கும் சார்," என்றான் கோபால், சைக்கிளை மிதித்துக்கொண்டே. "புகையைப் பார்த்துத்தானே ஏரோப்ளேன் வருது? நானே ரெண்டு வாரம் பார்த்தேன். முதல்ல புகை வரும், அப்புறம் ஏரோப்ளேன் வரும். பெரிய நெருப்பாப் போட்டிருப்பான்."

"நீ எங்கே நின்னு பார்த்தே?"

"கரைக்கு இந்தப் பக்கம், ரோட்டிலேர்ந்து."

கன்னியப்பன் லேசாகச் சிரித்தார். தான் எதிலோ தவறிவிட்டோம் என்று கோபாலுக்குப் பட்டது. எதில் என்றுதான் புரியவில்லை.

ஏரியின் மேற்குக் கரையோரம் வைக்கோற்போர் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம் ஒன்றுதான் மிச்சம். கரைக்கு வெளியே தாண்டவராயனின் வீடு. போருக்குக் கிழக்கே நூற்றுப்பத்து அடியில், ஏரிக்குள், ஞானதாஸ் புகை போடும் குழி. அதற்கும் கிழக்கே எண்பது அடியில் நெற்களம். கோபால் மூன்று முறை அளந்துவிட்டுத்தான் குறிப்பேட்டில் எழுதினான். முதல் இரண்டு முறையும் அதே அளவுதான் வந்திருந்தது. ஏரித் தரையில் பதிந்திருந்த விமானச் சக்கரத் தடத்தையும் குறித்துக்கொண்டான்.

பக்கத்திலிருந்த தன் குடிசை வாசலில் ஞானதாஸ் சட்டிபானைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும்.

"புகை எதுக்கு, ஞானதாஸ்?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு டாக்டரு தெரிஞ்சிக்கத்தாங்க. அவரு எதிர்க்காத்துலதான் எறங்குவாரு. சத்தம் காதுல வுழுந்தப்புறந்தான் பத்தவைப்பேன். நாலு கைப்பிடி வைக்கோலு, மேல பச்சை எருக்கந்தழை. ஏரியில வேற தழை எது? ப்ளேனு நின்னதும் ஒரு பானைத் தண்ணி ஊத்திடுவேன்."

"இவனுக்குப் பாம்புச்செவிங்க," என்றாள் அருகில் நின்ற சிட்டம்மாள். களத்தில் நெல் தூற்றும் பெண்களில் அவள்தான் வாயாடி. "எங்க யாரு காதுலயும் வுழாது. இவன் மட்டும் எழுந்து ஓடுவான்."

குழியை எட்டிப்பார்த்த கோபால் உரக்கச் சொன்னான்: "சார், பதரைப் போட்டு மூடி வெச்சிருக்கான் பாருங்க!"

"மூடினேனா? நான் ஏன்யா மூடறேன்?" என்றான் ஞானதாஸ்.

கன்னியப்பன் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பதரை விரலால் ஒதுக்கினார். கீழே சாம்பல், தண்ணீர் பட்டு இறுகி, காய்ந்த சேறுபோல் பாளமாக இருந்தது. ஒரு பிடி பதரை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார்.

"கருகினது ஒண்ணாவது இருக்கா, பார்."

கோபால் பார்த்தான். எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. குழியில் மட்டுமில்லை, களத்திலிருந்து குழி வரைக்கும் தரையெங்கும் அதே பதர் சன்னமாகப் படிந்திருந்தது.

"சிட்டம்மா, நேத்து எந்தப் பக்கம் தூத்தினீங்க?"

"காலையில மேல்காத்துங்க. பதரெல்லாம் கெழக்கால போச்சி. மூணு மணிக்குக் காத்து சுத்தமா நின்னுபோச்சி. இலை அசையல. கஞ்சி குடிக்கலாம்னு மதகாண்ட போய்ட்டோம். நாலரை இருக்கும், கடல்காத்து எழும்பிச்சி. ஓடியாந்து எதிர்ப்பக்கம் நின்னுக்கினு தூத்தினோம். நாலு மொறம் தூத்தறதுக்குள்ள போரு பத்திக்கிச்சி."

கன்னியப்பன் தலையசைத்துவிட்டுக் கரிந்த வட்டத்துக்கு நடந்தார். அதன் கிழக்கு விளிம்பில் தனியாக ஒரு சிறு சாம்பல் குவியல். குச்சியால் கிளறியபோது, பாதி வெந்த பச்சைக் கொத்து ஒன்று வந்தது. சின்னச் சின்ன இலைகள்.

"எருக்கு இலை உள்ளங்கை அகலம் இருக்குமே சார்," என்றான் கோபால். "இது..."

"எழுதிக்கோ. தண்ணி தாகமா இருக்கு, வா."

கரையேறி இறங்கினால் தாண்டவராயனின் தோட்டம். வேலி முழுவதும் மருதாணி. ஓர் இடத்தில் கொத்தாக ஒடிக்கப்பட்டிருந்தது. கொடியில் அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்று நனைந்து தொங்கியது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி கோவிந்தம்மாளுக்குக் கண் வீங்கியிருந்தது.

"வூட்ல ஏதாவது விசேஷமாம்மா?" கோபால் மரியாதைக்குக் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். தோட்டத்திலிருந்து பார்த்தால் கரைதான் தெரிந்தது. ஏரிக்குள் எதுவும் தெரியவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கன்னியப்பன் எல்லாரையும் களத்துக்கு வரச்சொன்னார். தாண்டவராயன் மேல்துண்டை உதறிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் கோவிந்தம்மாள். எதிரே ஞானதாசும் மார்த்தாளும். சிட்டம்மாளின் கூட்டம் நெற்குவியல் ஓரமாக.

"சர்வேயரய்யா, ரெண்டு ஜோடி மாட்டுக்கு வருசத் தீனி போச்சி. இவனைத் தவிர நேத்து இந்த ஏரியில நெருப்பு வெச்சவன் யாரு? நான் வாலாஜாபாத் மில்லுக்குப் போய்ட்டு அஞ்சு மணிக்கு வரேன், போரு எரியுது!"

"ஒவ்வொண்ணாப் பார்ப்போம். கோபால், சக்கரத் தடம் எப்படி இருக்கு?"

கோபால் குறிப்பேட்டைத் திறந்தான். "விமானம் கிழக்கே தரையைத் தொட்டு, மேற்கே பார்த்து ஓடி நின்னிருக்கு."

"எதிர்க்காற்றில்தான் இறங்குவார்கள். அப்படியென்றால் பதினொரு மணிக்கு மேல்காற்று. பொறி பறந்திருந்தால் களத்துப் பக்கம் வந்திருக்கும். போர்ப் பக்கம் போயிருக்காது."

"சாயங்காலம் கடல்காத்து அடிச்சிதே! உள்ள கனன்னுக்கினு இருந்த நெருப்பு அப்பப் பறந்திருக்கும்."

"நல்ல கேள்வி. குழியில் என்ன இருந்தது, கோபால்?"

"கீழே தண்ணி ஊத்தி இறுகின சாம்பல். அதுக்கு மேல பதர். பதர் கருகலை."

"சரியாப் பார்த்தியாப்பா?" என்று தாண்டவராயன் முறைத்தார்.

ஒரு கணம் கோபாலுக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. பிறகு, "மூணு தடவை பார்த்தேங்க," என்றான். "ஒண்ணுகூடக் கருகலை."

"அந்தப் பதர் காலையில் விழுந்ததல்ல," என்றார் கன்னியப்பன். "காலையில் பதர் கிழக்கே போனது. கடல்காற்று எழும்பிய பிறகுதான் மேற்கே, குழிமேல் விழுந்திருக்கிறது. கனல் இருந்த குழியில் விழுந்தால் பதர் பொசுங்காமல் இருக்குமா? தண்ணீர் ஊற்றிச் சாம்பல் இறுகிய பிறகே பதர் விழுந்திருக்கிறது. உங்கள் போர்ப் பக்கம் காற்று திரும்பும் முன்பே ஞானதாஸின் நெருப்பு செத்துவிட்டது."

தாண்டவராயன் குழிக்குப் போய்க் குனிந்து தானே ஒரு பிடி அள்ளினார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப போரு எப்படி எரிஞ்சிச்சி?"

"போரடியில் இன்னொரு சின்னப் புகை போட்டிருக்கிறார்கள். காற்றே இல்லாத நேரத்தில், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். யாரென்று சொல்வது என் வேலையில்லை. குடிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

"நான்தான்," என்றாள் கோவிந்தம்மாள்.

தாண்டவராயன் திரும்பினார்.

"போன வாரம் நுங்கு குட்த்தப்போ, அடுத்த வாரம் வாங்கம்மா, பெருநகர்ல உங்க பொண்ணு வூட்டை மேலேர்ந்து காட்டறேன்னாரு டாக்டரு. நேத்து அவரு வந்தப்ப நீங்க வூட்ல இருந்தீங்க. எப்படிக் கேக்கறது? நீங்க வாலாஜாபாத் போனதும் வந்து பொகை போட்டேன். தோட்டத்துலேர்ந்து பார்த்தா கரைக்கு மேல மொதல்ல பொகைதான் தெரியும், அப்புறந்தான் ஏரோப்ளேனு. பொகை போட்டா அது வரும்னுதான் நெனச்சேன். திடீர்னு காத்து வந்திச்சி... நீங்க ஞானதாஸு பேரைச் சொன்னதும் நாக்கு ஒட்டிக்கிச்சி." அவள் மார்த்தாளைப் பார்த்தாள். "என்னை மன்னிச்சிடு பொண்ணு."

தாண்டவராயன் மெதுவாகக் கேட்டார்: "அதுக்காகவா கல்யாணப் பொடவை?"

"பின்ன, மாட்டுக்கொட்டாயில கட்டற பொடவையிலயா மேல போவாங்க?"

முதலில் சிட்டம்மாள்தான் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தாண்டவராயனின் மீசைகூடத் துடித்தது.

மார்த்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஆண்டே, நேத்து ஊரு பூரா கேக்கறமாதிரி சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லிடுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஞானதாஸு மேல தப்பில்ல! குடிசை அங்கியேதான் இருக்கும்! போதுமா?" மதகு வரைக்கும் கேட்டிருக்கும்.

மார்த்தாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு குடிசைக்குள் போனாள். அரிசி களையும் சத்தம் கேட்டது.

திரும்பும் வழியில் கோபால் கேட்டான்: "அந்த அம்மான்னு எப்ப சார் தெரிஞ்சுது?"

"வைக்கோல் எரிந்த வீட்டிலிருந்து, எரித்தவன் என்று பேர்பெற்ற வீட்டுக்கு அரிசி போகிறது. அங்கேயே நெருடியது. பிறகு மருதாணி, விசேஷமில்லாத வீட்டில் அலசிப் போட்ட பட்டு. புகை நாற்றம் போக வேண்டுமே. ஆனால் காரணத்தைச் சொன்னவன் நீதான்."

"நானா?"

"முதலில் புகை, அப்புறம் ஏரோப்ளேன் என்றாயே. கரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத்தான் அப்படித் தெரியும்."

அடுத்த ஞாயிறு கோபால் கரையைத் தாண்டி ஏரிக்குள் போய் நின்றான். ஞானதாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகுதான் தழையைப் பற்றவைத்தான். விமானம் இறங்கியது. அரக்குப் பட்டு உடுத்திய கோவிந்தம்மாள் ஏறினாள். அது ஒரு புள்ளியாகிப் பெருநகர்ப் பக்கம் மறைந்த இருபது நிமிஷமும் தாண்டவராயன் குடையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்தே நின்றார். டாக்டருக்குக் காற்று தெரியவேண்டும் என்று புகையை அணையவிடாமல் தழை போட்டுக்கொண்டே இருந்தான் ஞானதாஸ்.

சக்கரம் தரையைத் தொட்டது, ஓடி நின்றது. உள்ளேயிருந்து ஒரு கை ஆடியது. தாண்டவராயன் நெடிய மூச்சு ஒன்றை விட்டார். ஞானதாஸ் பானையை எடுக்கக் குனிந்தான்.

"இரு, ஞானதாஸு. நான் ஊத்தறேன்."

பானையை அவனிடமிருந்து வாங்கி, தாண்டவராயனே கடைசிச் சொட்டு வரைக்கும் குழியில் கவிழ்த்தார்.