தலையைப் பிடித்த கை

பச்சைக் குழந்தைகளைப் படம் எடுக்கிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. தொழிலில் எனக்குச் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். பொறுமைக்கென்று என் அண்ணியைக் கூடவே அழைத்துப் போகிறேன். மூன்று பெற்றவள். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையும் அவள் கைக்குப் போனால் அடங்கிவிடும். நான் கேமராவோடு மல்லுக்கட்டுவேன், அவள் குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது.

அன்று காலை அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, கேட்டுக்கு வெளியே மதிலில் சாய்ந்து அவள் நின்றிருந்தாள். போன மாதம் அதே வீட்டுப் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, நிறைமாத வயிற்றோடு நான் படம் எடுத்த பெண். அதே நெற்றி, அதே மோவாய். வயிறு மட்டும் இல்லை.

"என்னம்மா, குழந்தையை உள்ள விட்டுட்டு வெயில்ல வந்து நிக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

அவள் முகம் செத்துவிட்டது. "நான் அவ தங்கச்சிங்க. அக்கா பிரசவத்துல போயிட்டா."

சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அண்ணிதான் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"குழந்தையைக் கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்க. அக்காவோட நாத்தனார் அவனைத் தன் பிள்ளைன்னு சொல்லி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் போறாங்களாம். போயிட்டா அவ்வளவுதான். அவனுக்கு எங்க அக்கான்னு ஒருத்தி இருந்ததே தெரியாமப் போயிடும். தினமும் வந்து நிக்கிறேன். ஒரு போட்டோவாவது எனக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்பறேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உள்ளே போனேன். இல்லாவிட்டால் வண்டியை அங்கேயே திருப்பியிருப்பேன்.

கதவைத் திறந்தது நாத்தனார்க்காரி. குழந்தையை இடுக்கிக்கொண்டு நின்றாள். அது கத்திக்கொண்டிருந்தது.

"அம்மாவும் பிள்ளையும்னு சொன்னீங்களே போன்ல?" என்று கேட்டேன்.

"நான்தான் அம்மா. படத்துல அப்படித்தான் வரணும். போன தடவை அந்த வயித்தோட எடுத்தியே, அதையெல்லாம் அழிச்சுடு."

கெட்டுப்போன பாலைக் கீழே கொட்டச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அண்ணி என் முழங்கையை அழுத்தினாள்.

கூடத்தில் அதே ஜன்னல். போன மாதம் அந்தப் பெண் அங்கே நின்றபோது கை கால் முகமெல்லாம் வீங்கியிருந்தன. மோதிரத்தைக் கழற்றிவிட்டு நிற்கலாம் என்று சோப்புப் போட்டுப் பார்த்தாள். சதைக்குள் புதைந்துகொண்டு அது அசையவே இல்லை. தலை வலிக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். இவளை உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று நாத்தனாரிடம் நான் சொன்னேன். "நீ போட்டோ எடுக்க வந்தியா, வைத்தியம் பார்க்க வந்தியா?" என்று கேட்டாள் அந்தப் புண்ணியவதி. பெண்டாட்டி பக்கத்தில் நின்றிருந்த நாத்தனாரின் தம்பிக்காரன் வாயைத் திறக்கவில்லை. இன்றும் அவன் மூலை நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டினேன். பச்சைக் குழந்தைக்கு ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சமே போதும். அது நெற்றியிலிருந்து கீழே வழிய வேண்டும். மோவாயிலிருந்து மேலே போனால் எந்தக் குழந்தையும் பேய் மாதிரிதான் இருக்கும். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி நிழலைக் கரைத்தேன். ஹீட்டரைப் போட்டேன். நாங்கள் வியர்த்து வழிந்தால்தான் உடுப்பில்லாத குழந்தை தூங்கும். கடைசியாகச் சின்ன ஸ்பீக்கரில் 'உஷ்ஷ்... உஷ்ஷ்...' என்ற சத்தம். வயிற்றுக்குள் கேட்ட இரைச்சல் என்று நினைத்துக் குழந்தைகள் ஏமாந்துவிடும்.

ஏமாற்றுவதுதான் எங்கள் வேலை. குழந்தை இரண்டு கையிலும் மோவாயைத் தாங்கிக்கொண்டு, தவளை மாதிரி உட்கார்ந்து தூங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பச்சைக் குழந்தைக்கும் கழுத்து அப்படி நிற்காது. முதல் படத்தில் அண்ணி தலையை உச்சியில் பிடித்திருப்பாள். அடுத்த படத்தில் தலையை விடாமல் இன்னொரு கையால் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டு, பிறகு தலையிலிருந்து கையை எடுப்பாள். ஒரு நொடிகூடக் குழந்தை பிடியில்லாமல் இருக்காது. இரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் ஒட்டி, கைகளை அழித்துவிட்டால் குழந்தை தானாக உட்கார்ந்திருக்கும். தாங்கின கையை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

அண்ணியின் மடியில் குழந்தை தூங்கிவிட்டது. மெத்தைப் பையில் கிடத்தித் தவளையாக்கினாள். நான் தரையில் முழங்கையை ஊன்றிப் படுத்து எடுத்தேன். முதல் படம். இரண்டாவது. மூன்றாவது. கண்ணிமை கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இமை கூர்மையாக இருந்தது.

அண்ணியின் இரண்டு கையும் மணிக்கட்டுகளில் இருந்தன. தலையின் பின்னால் இன்னொரு கை இருந்தது.

"அண்ணி" என்றேன் மெதுவாக. "தலையை எந்தக் கையால பிடிச்சீங்க?"

"தலையையா? நான் பிடிக்கலையே. நீதானே பிடிச்சிருக்கே? தலை கனம் தெரியலையேன்னுதான் நான் ரெண்டு கையையும் கீழ கொண்டுவந்தேன்."

என் இரண்டு கையும் கேமராவில் இருந்தன.

அண்ணி என்னைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப யாரு பிடிச்சிருக்கா?"

குழந்தையின் தலை ஆடாமல் நின்றது. உச்சந்தலையின் பூமுடி நாலு இடத்தில் அமுங்கியிருந்தது, விரல் பட்ட மாதிரி.

திரையை மறுபடி பார்த்தேன். விரல்கள் தடித்து, தோல் இழுபட்டு மினுங்கின. ஒரு விரலில் மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. அந்த விரலை நான் ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

முதலில் அந்தச் சத்தத்தை நிறுத்தலாம் என்று ஸ்பீக்கரை அணைத்தேன்.

உஷ்ஷ்... உஷ்ஷ்...

பிளக்கைப் பிடுங்கினேன்.

உஷ்ஷ்... உஷ்ஷ்...

அது குழந்தையின் காதருகிலிருந்து வந்தது. அந்த வெக்கையில் பால் வாசனை குப்பென்று அடித்தது. புட்டிப்பால் வாசனை இல்லை, அது அண்ணிக்கு நன்றாகத் தெரியும். குழந்தைக்கு முன்னால் விரித்திருந்த துணியில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. மேலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. மேலே ஒன்றுமே இல்லை.

"என்ன அங்க கிசுகிசு?" என்று நாத்தனார்க்காரி வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். தம்பிக்காரனும் எழுந்து வந்தான். பார்த்ததும் திரையில் விரலை வைத்தான்.

"அக்கா, அந்த மோதிரம்... அதைக் கழட்டவே முடியலையே. அதோடதானே அவளை அனுப்பினோம்."

"சும்மா இருடா. ஏம்மா, கையை அழிக்கிறதுதானே உன் வேலை? அழி. இருக்கும்போதும் சனியன், போனப்புறமும் சனியன். அவ நிழல்கூட இந்த வீட்ல இருக்கக் கூடாது."

பயம் போய்விட்டது எனக்கு. அடிவயிற்றிலிருந்து ஆத்திரம்தான் வந்தது.

"கூசலை உங்களுக்கு? வீங்கிப்போய் நின்னவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத் துப்பில்ல, அவ பெத்த பிள்ளைக்குப் போஸ் கொடுக்க மட்டும் வந்துட்டீங்களா? நான் அழிக்க மாட்டேன். நீங்க தலைகீழா நின்னாலும் அழிக்க மாட்டேன்."

"அப்ப வெளிய போ. என் பிள்ளையை எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று குனிந்து குழந்தையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

குழந்தை வரவில்லை.

இன்னும் வலுவாக இழுத்தாள். மெத்தையோடு தைத்துவிட்டதுபோல அது இருந்த இடத்திலேயே இருந்தது. அழக்கூட இல்லை.

"இழுக்காதீங்க!" என்று அண்ணி கத்தினாள்.

உஷ்ஷ் என்ற சத்தம் நின்றது.

பளார்.

அந்த மாதிரி அறை விழுந்து நான் கேட்டதில்லை. நாத்தனார்க்காரி சுவர் வரைக்கும் போய் விழுந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பதற்றத்தில் என் விரல் ஷட்டரை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வரிசையாகப் படங்கள் விழுந்திருந்தன. முதல் படத்தில் அவள் முகம் நேராக இருக்கிறது. அடுத்ததில் கன்னத்தில் ஐந்து குழிகள், உதடு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அதற்கடுத்ததில் முகமே திரும்பிவிட்டது.

மறுபடி அந்தச் சத்தம் தொடங்கியது, குழந்தையின் காதருகில்.

தம்பிக்காரன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கமே வரவில்லை. "இப்ப அழுது என்ன புண்ணியம்? உன் கொழுந்தியா வாசல்ல நிக்கிறா. போய்க் கூட்டிட்டு வா. இனிமேலாவது ஒரு நல்ல காரியம் பண்ணு" என்றேன்.

ஓடினான்.

தங்கச்சி செருப்போடு உள்ளே ஓடிவந்தாள். குழந்தைக்கு எதிரே மண்டியிட்டாள். பால் வாசனை அவள் மூக்கிலும் ஏறியிருக்க வேண்டும், ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அக்கா?" என்றாள். அவள் கையை நீட்டியதும் குழந்தை பஞ்சுபோல வந்துவிட்டது. யாரோ பார்த்துப் பக்குவமாகக் கைமாற்றிக் கொடுத்த மாதிரி, தலை சரியாக அவள் முழங்கை மடிப்பில் போய் அமர்ந்தது.

"கொண்டுபோ" என்றான் அவன். "நீயே வளர்த்துக்கோ."

நாத்தனார்க்காரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தாளே தவிர, சுவரை விட்டு நகரவில்லை.

தங்கச்சிக்கு அந்த வாரமே படத்தை அனுப்பினேன். அண்ணியின் கைகளை அழித்தேன், அது என் தொழில். இன்னொரு கையைத் தொடவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். சில வாரம் கழித்து ஒரு பட்டப்பகலில் என் ஸ்டூடியோ கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார்க்காரி வந்தாள். அவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். கன்னத்தில் ஒரு தடமும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணு வேணும். மத்த கடையில ஏதோ கோளாறு, சரியா வர மாட்டேங்குது. வக்கீலைப் பார்த்தாச்சு. என் தம்பி பயந்து கொடுத்தது செல்லாதாம். பிள்ளையை வாங்கிட்டு நான் கிளம்பறேன்."

துரத்தியிருப்பேன். மற்ற கடைகளில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தேன். பாஸ்போர்ட் படத்துக்குக் கலையெல்லாம் வேண்டாம். இரண்டு விளக்கையும் சமமாக வைத்து நிழல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். காது இரண்டும் தெரிய வேண்டும், வேறு ஒருவரும் படத்துக்குள் வரக் கூடாது.

எடுத்தேன். திரையைப் பார்த்தேன். கேமராவைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். அவள் தோளில் ஒரு கை இருந்தது.

"இதேதான்... எல்லாக் கடையிலயும் இதேதான். இன்னொண்ணு எடு" என்றாள்.

எடுத்தேன். கை கழுத்துக்கு வந்திருந்தது. விரல்கள் இன்னும் மூடவில்லை.

"இன்னொண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அங்கே அவள் விரல்களைத் தவிர ஒன்றும் இல்லை. "வேண்டாம்."

"எது வேண்டாம்? போட்டோவா, பிள்ளையா?"

"ரெண்டும் வேண்டாம்" என்றாள்.

எழுந்து கதவைப் பார்த்து நடந்தாள். கேமரா இன்னும் என் கையில்தான் இருந்தது. ஆளின் முகத்தைக் கண்டால் அதைச் சுற்றித் திரையில் ஒரு பச்சைக் கட்டம் போடும் கேமரா அது. முதுகைக் காட்டினால் போடாது. அவள் முதுகைக் காட்டித்தான் போய்க்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு ஒரு சாண் பின்னால், ஒன்றுமில்லாத இடத்தில் அந்தப் பச்சைக் கட்டம் விழுந்தது. என்னைப் பார்த்திருக்கும் ஒரு முகத்தின் அளவுக்கு இருந்தது.

கொஞ்சநேரம் அசையாமல் நின்றது. பிறகு அணைந்தது, முகம் திரும்பிக்கொண்டதுபோல. அவள் வெளியே போய்க் கதவு சாத்திக்கொள்ளப் போன சமயத்தில், யாரும் தொடாமலே இன்னொரு தடவை திறந்து மூடியது.

நான் அவளைக் கூப்பிட்டு எச்சரிக்கவில்லை.