தேன்தூக்கி ஏற்றம்

நாங்கள் மூன்று பேரும் ஐயனார் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம் மூன்றரை மணி. ஐப்பசி மாதம், மழை இன்னும் விழவில்லை, வானம் மட்டும் கறுத்துப் போய்க் கிடந்தது. தார் றோட்டு அந்த மரத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் கிரவல் பாதை, இரண்டு பக்கமும் பாலையும் முதிரையும் வீரையுமாக ஏழு கிலோமீற்றர் காடு, நடுவில் தேன்தூக்கி மலை. மலை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். நுவரெலியாவில் பிறந்தவன் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். ஒரு பெரிய கரும்பாறை, அதன் தோளில் ஏறி இறங்குகிற பாதை, பாறை இடுக்குகளில் தேன்கூடு, அவ்வளவுதான். எல்லாமே வயல் மட்டமாகக் கிடக்கிற வன்னியில் எங்களுக்கு அதுவே மலை.

என் தங்கை சுரேகாவுக்கும் அனோஜனுக்கும் தை மாதம் கலியாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அவர் முரசுமோட்டை ஆள், கிளிநொச்சியில் போன் கடை வைத்திருந்தார். இந்த வருடம் அவருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்து, ஞாயிறுதோறும் ஏதாவது காட்டுப்பாதையில் சுற்றுலா. கலியாணத்துக்கு முதல் இரண்டு பேரையும் தனியே விட அம்மாவுக்கு மனமில்லை. அதனால் நாற்பது வயதில், ராஜினி என்கிற நானும் காவலுக்குச் சைக்கிள் உழக்கினேன். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேணும்" என்று சுரேகாவைச் சீண்டுவேன். அவள் சிரிப்பாள். அவளுக்கு அவர் என்றால் உயிர்.

தேன்தூக்கிக்குப் போக ஆசைப்பட்டவள் அவள்தான். அனோஜன் மூன்று ஞாயிறு சாட்டுச் சொன்னார். யானை நிற்குமாம், பாதை சரியில்லையாம், மழை வருமாம். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே!

"மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம். உமக்கென்ன பயம்?" என்று கேட்டேன்.

அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது. "ஒண்டுமில்லை அக்கா. போவம்" என்றார்.

மரத்தடியில் ஆளுக்கொரு குழை முறித்து ஐயனாருக்குக் கொப்பில் கொழுவித் தொங்கவிட்டோம். திரும்பி வந்து சுரேகா சைக்கிளில் ஏறி மிதித்தாள், செயின் படக்கென்று அறுந்தது. அவளுடைய சைக்கிளை மரத்தோடு சாத்திவிட்டு, அவள் அனோஜனுடைய கரியரில் வருவது என்று முடிவெடுத்தோம்.

எங்கள் பக்கத்தில் கரியரில் ஏறுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. சைக்கிள் ஓடுகிறவர் முதலில் மெல்ல உருட்டுவார். ஏறுகிறவர் இரண்டு எட்டு ஓடிப் பின்னால் குந்துவார். "சரியோ?" என்று கேட்டு, சரியென்று பதில் வந்த பிறகுதான் பெடலை அழுத்துவது. ஏற்றம் வந்தால் பின்னால் இருப்பவர் இறங்கி நடப்பார், ஓடுகிறவர் மேலே போய்க் காத்து நிற்பார். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அனோஜன் உருட்டத் தொடங்கினார். சுரேகா இன்னும் வெளிக்கிடவில்லை. என் பக்கத்தில் நின்று கையில் பட்ட செயின் எண்ணெயை இலையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிளின் பின்சில்லு அமுங்கியது.

ஒரு ஆள் குந்தினால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு.

"சரியோ?" என்று அவர் திரும்பாமலே கேட்டார்.

"சரிங்க தம்பி. போங்க."

பெண் குரல். நன்றாகக் களைத்த குரல். அந்த வெறும் கரியரில் இருந்துதான் வந்தது.

அவர் சிரித்தார். "தம்பியோ? கலியாணத்துக்குப் பிறகும் தம்பி எண்டுதான் கூப்பிடப் போறீரோ?" என்று கேட்டபடி பெடலை அழுத்திக் காட்டுக்குள் போனார்.

சுரேகாவின் கையிலிருந்து இலை விழுந்தது.

"அக்கா… அவர் ஆரை ஏத்திக்கொண்டு போறார்?"

எனக்கு என்ன தெரியும்? கத்திக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் திரும்பவில்லை. றோட்டோரத்து உழுந்துக் காணியில் ஆட்கள் நின்றார்கள். அவர்களோடு நிற்கச் சொல்லித் தங்கையை விட்டுவிட்டு, நான் தனியே அவருக்குப் பின்னால் போனேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் குருவிச் சத்தம் நின்றுபோனது. காற்றும் இல்லை. என் சைக்கிள் கிறீச்சிடுகிற சத்தமும் என் மூச்சுச் சத்தமும் மட்டும். கிரவலில் அவருடைய முன்சில்லுத் தடம் மேலாகத்தான் இருந்தது. பின்சில்லு இரண்டு விரல் ஆழத்துக்கு உழுதுகொண்டு போயிருந்தது. போகப் போக அந்தத் தடம் இன்னும் ஆழமானது. இரண்டு கிலோமீற்றர் தாண்டியபோது ஒரு மணம் வந்தது, உருளைக்கிழங்கு அவிகிற மணம். பாம்பு கிட்ட நின்றால் இப்படி மணக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். ஆனாலும் திரும்பவில்லை, என் தங்கையின் வாழ்க்கை முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

ஏற்றத்தின் அடியில் அவரைக் கண்டேன்.

பாதி ஏற்றத்தில், பெடலில் எழும்பி நின்று மிதித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் சாணளவுக்கு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் எப்போதோ பின்னுக்கு உருண்டிருப்பார்கள்.

"சுரேகா, இறங்குமப்பா. ஏத்தமெல்லே. நடந்து வாரும், நான் மேல நிக்கிறன்" என்றார் அவர்.

"எறங்க மாட்டேன் தம்பி."

அவருடைய முதுகு விறைத்தது.

"போன தரம் எறங்கினேன்ல."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்விட்டு அழத் தொடங்கினார். அழுதழுது மிதித்தார். காலை எடுக்க முடியவில்லை போலும், பெடலோடு ஒட்டியபடி சுற்றியது. அந்த ஏற்றம் முழுவதையும் அப்படியே ஏறி, உச்சியில் போய்ச் சைக்கிளோடு சரிந்தார்.

நான் என்னுடையதை உருட்டிக்கொண்டு மேலே போனபோது கரியரில் ஒன்றுமில்லை. மணம் மட்டும் நின்றது. அவர் பாறையில் முதுகைச் சாய்த்து இருந்தார். வலது கணுக்காலில் இரண்டு புள்ளி, இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பாம்பை நான் காணவில்லை.

"அக்கா, அது அன்னபாக்கியம்" என்றார்.

அன்னபாக்கியத்தை எனக்குத் தெரியும். மலையகத்தில் இருந்து வந்து காட்டோரம் குடியேறின குடும்பம். எங்கள் காணிக்கு உழுந்து பிடுங்க வருவாள், போகும்போது அம்மாவிடம் சொல்லாமல் போகமாட்டாள். பெற்றோல் இல்லாத அந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டில் அவளைப் புடையன் பாம்பு கடித்தது. மறுநாள் காலை தேன் எடுக்கப் போனவர்கள் இந்த ஏற்றத்தின் பாதியில் பிரேதமாகக் கண்டார்கள். வாகனம் கிடைக்காமல் தனியே நடந்து வந்து விழுந்துவிட்டாள் என்றுதான் ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"நீரோ ஏத்தினது?"

"ஓம். சைக்கிளில வந்தன், பாம்பு கடிச்சிட்டுது எண்டு மறிச்சவ. ஏத்தத்தில இறங்கி நடக்கச் சொன்னன்."

"மேல நிண்டனீரோ?"

அவர் தலை குனிந்தார். "செத்துப் போவா எண்டு பயந்திட்டன் அக்கா. பிறகு பொலிஸ், கோடு, வழக்கு எண்டு நான்தானே அலைய வேணும். நிக்காமல் போயிட்டன்."

"கூப்பிட்டவவோ?"

"தம்பி நில்லுங்க, தம்பி நில்லுங்க எண்டு… கன நேரம் கேட்டது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லில் எழுத முடியாது. கடிபட்ட காலோடு ஒருத்தி இந்த ஏற்றத்தை நம்பிக்கையோடு ஏறியிருக்கிறாள், மேலே ஒருவன் நிற்பான் என்று. அந்த ஒருவனுக்குத்தான் என் தங்கை கழுத்தை நீட்டப் போகிறாள்! அறைய வேண்டும் போல இருந்தது.

அப்போது பார்த்தேன், அவருடைய கண்மடல் பாதிக்கு இறங்கியிருந்தது. பல்முரசில் இரத்தம்.

"அக்கா, கண் மூடுது. உங்கட கரியரில ஏத்திக்கொண்டு போங்கோ."

என் கரியர் வெறுமையாகத்தான் இருந்தது. மூன்று கிலோமீற்றரில் உழுந்துக் காணி, அங்கே உழவு இயந்திரம் நின்றது. நடிக்கிறார் என்று நினைத்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பச்சைப் பொய். நான் நினைக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நில்லும். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"வருவீங்களோ அக்கா?"

"வருவன்."

"போங்க" என்றது என் காதடியில் அந்தக் குரல். இப்போது அதில் களைப்பு இல்லை.

போனேன். ஏற்றத்தின் அடிக்கு வரும்வரை பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது கேட்டது. மரத்தடிக்கு வந்து சுரேகாவிடம், "அவர் மற்றப் பக்கத்தால இறங்கிப் போயிட்டார். போன் எடுப்பார், நீ ஏறு" என்றேன். "அப்ப அந்தக் குரல்?" என்று கேட்டாள். காணிக்குள் யாரோ கதைத்திருப்பார்கள் என்று அதட்டினேன். அவளை முள்ளியவளையில் எங்கள் வீடு வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்து முகம் கழுவினேன். தேத்தண்ணி குடித்தேன். இருண்ட பிறகுதான், ஆளைக் காணவில்லை என்று வாய் திறந்தேன்.

உழவு இயந்திரத்தில் போனவர்கள் அவரை உச்சியில் கண்டார்கள். சைக்கிளை நிமிர்த்தி, இரண்டு கையாலும் பிடித்தபடி, கீழே ஏற்றத்தைப் பார்த்து நின்றிருந்தாராம். தொட்ட பிறகுதான் உயிரில்லை என்று தெரிந்ததாம். நின்றபடி எப்படிச் செத்தார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பாம்புக்கடி என்று எழுதினார்கள்.

சுரேகா முப்பத்தோராம் நாள் வரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்தியேட்டி முடிந்து வந்த அன்று குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"நீ அவரைக் கண்டனியோ?"

அவளுடைய முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. அன்னபாக்கியத்தில் தொடங்கி, நான் குடித்த தேத்தண்ணி வரை எல்லாம் சொன்னேன். உனக்காகத்தான் என்றும் சொன்னேன்.

"அந்த மனுசியை விட்டது பாவம்தான்" என்றாள். "அவர் பயத்தில விட்டவர். நீ தெரிஞ்சுகொண்டு விட்டனி."

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

போன கிழமை, தேன் எடுக்கிற செல்வராசா அண்ணை வீட்டுக்கு வந்தார். தேன்தூக்கி உச்சியில் ஒரு பொடியன் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறானாம். யாரைப் பார்த்து நிற்கிறீர் என்று கேட்டதற்கு, "அக்கா வாறன் எண்டவா" என்று சொன்னானாம். செல்வராசா அண்ணைக்கு அனோஜனைத் தெரியாது.

மூன்று நாளைக்குப் பிறகு உழுந்துக் காணிக்காரர் ஐயனார் மரத்தடியில் கண்டார்கள். முந்தநாள், தார் றோட்டில் வயல்கரையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததை பஸ்ஸில் இருந்து ஒரு பெண் கண்டாள். நேற்று முள்ளியவளைச் சந்திக் கடையில் நின்று வீட்டுக்கு வழி கேட்டாராம். கண்மடல் இறங்கிய ஆள், நித்திரை கொள்ளாதவராக்கும் என்றார் கடைக்காரர்.

இன்று பொழுதுபட முன்பே நான் படலையைப் பூட்டப் போனேன். படலை அகலத் திறந்து கிடந்தது. சங்கிலியும் இல்லை, பூட்டும் இல்லை. முற்றத்தில் சுரேகா கலியாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பூட்டு எங்கயடி?"

"கிணத்துக்குள்ள போட்டிட்டன்."

படலைக்கு வெளியே ஒழுங்கையில் சைக்கிள் மணி ஒரு தரம் அடித்தது.

உருளைக்கிழங்கு அவிகிற மணம் வந்தது. எங்கள் குசினியில் அடுப்பு மூட்டவில்லை.

சுரேகா ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தரமாக என் கையைப் பிடித்தாள். படலைப் பக்கம் என்னை மெல்லத் தள்ளினாள்.

"போ அக்கா" என்றாள். "வாறன் எண்டு சொன்னனியெல்லே."