ஆண்டுக்கு ஒரு மறுப்பு

காலை ஏழு மணிக்குள் தாமரைச்செல்வி பதினான்கு முறை ‘சரி’ சொல்லியிருந்தாள். இரும்பு வார்ப்பு ஆலையின் மேலாளருக்கு அதுதான் வேலை. உலையை எப்போது மூட்டுவது, யாரை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் ‘முடிவி’ என்ற இயந்திரம் தீர்மானித்துவிட்டு, சம்மதமா என்று கேட்கும். மாடியிலுள்ள கண்ணாடி அறையிலிருந்து அவள் வாயால் சொல்ல வேண்டும். தயங்காமல் சொன்னால் ‘உடன்பாட்டுத் திறன்’ ஏறும். மேலாளருக்கு வேண்டிய மற்ற திறன்களை நிறுவனங்கள் எப்போதோ தூக்கிக் கடாசிவிட்டன. ஒன்பது வருடமாக அவளுக்குத்தான் முதலிடம்.

ஒரே ஒரு சலுகை மிச்சம். ஆண்டுக்கு ஒரு முறை, முடிவி கேட்கும்போது மேலாளர் ‘வேண்டாம்’ சொல்லலாம். சம்மதித்துவிட்டால் மாற்ற முடியாது. மறுக்காதவருக்கே பதவி உயர்வு என்பதால், பிழைக்கத் தெரிந்த யாரும் அதைத் தொடுவதில்லை. அவளும் தொட்டதில்லை.

அன்று உலையைக் கவனிக்கும் சென்னியப்பன் அறைக்கே ஏறி வந்துவிட்டார்.

“ரெண்டாம் உலையில தண்ணிக் குழாய் கசியுதுங்க மேடம். முடிவிக்கு அது தெரியமாட்டேங்குது. உருகின இரும்புல தண்ணி பட்டா வெடிச்சுப்போடுமுங்க.”

“நீங்களே பாத்தீங்களா?”

“கையிலயே பட்டுச்சுங்க. ஒருக்கா வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க.”

அவளுக்கு அடுத்த மாதம் வரவிருந்த பதவி கண்முன் வந்து போனது. போய்த் தொலையட்டும், ஓர் உயிரைவிடவா பெரிது!

“சொல்றேன். கவலப்படாம போங்க” என்றாள்.

அவர் இறங்கிப் போனதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். வேண்டாம், வேண்டாம் என்று முணுமுணுத்துப் பார்த்தாள். இத்தனூண்டு சொல்லுக்கு ஒத்திகை வேறா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒலிபெருக்கி கேட்டது: “இரண்டாம் உலை. உருகிய இரும்பை வெளியே விட மடை திறக்கலாம். சம்மதமா?”

“சரி.”

அவள் வாய்தான் சொன்னது. அரை நொடிகூட ஆகவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. உடன்பாட்டுத் திறன் இன்னும் ஒரு புள்ளி ஏறியது.

கீழே, மடையைக் குத்தித் திறக்கும் கடப்பாரையோடு நின்ற சென்னியப்பன் நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தார். கோபப்படு, கடப்பாரையை வீசிவிட்டு ஓடு என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். அவரும் இருபது வருடம் இதே ஆலையில் பழகியவர்.

“சரிங்க மேடம்” என்று அவர் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. கடப்பாரையோடு உலையை நோக்கி நடந்தார்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பாதிப் படியில்தான் அந்தச் சொல் வந்தது. வேண்டாம், வேண்டாம் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். உலையின் இரைச்சலில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை.