அத்தா வாங்கப் போன அம்பாசடர்

அன்று காலை ஷாகுல் செய்த முதல் தப்பு, மனைவியின் தையல் சாக்பீஸை எடுத்தது. இரண்டாவது தப்பு, அதை வைத்துப் போர்டிகோவில் பெரிய கட்டம் போட்டது.

எனக்கு எதிர் வீடு. நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை நாலு தடவை உதறினேன், அவ்வளவுதான்.

மேற்குத் தாம்பரத்தில் ஷாகுலின் மனைவி அக்தர் பேகத்தின் தையல் வகுப்பு எங்கள் தெருவுக்கே அடையாளம். தினமும் மத்தியானம் ஆறு பெண்கள் வருவார்கள். அந்தப் போர்டிகோவில்தான் நாலு தையல் மெஷின்களும் இருக்கின்றன. ஷாகுல் போட்ட கட்டம் அந்த நாலையும் சுற்றி ஓடியது.

"இது என்ன?" என்றார் அக்தர் பேகம்.

"வண்டி நிக்கப் போற இடம். பழைய அம்பாசடர்! ஐம்பது வருஷத்து வண்டி. கொஞ்சம் ரிப்பேர் வேலை இருக்கு, நானே பண்ணிடுவேன். இன்னிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறேன்."

"என் மெஷினெல்லாம்?"

"மொட்டை மாடில தகர ஷீட் போட்ட ரூம் சும்மாதானே கிடக்கு?"

அக்தர் பேகம் உள்ளே போனார். சமையலறையிலிருந்து பாத்திரங்கள் பதில் சொல்ல ஆரம்பித்தன. முதலில் ஒரு டம்ளர். பிறகு குக்கர் மூடி. பிறகு எதுவென்று தெரியாத பெரிய பாத்திரம் ஒன்று.

ஆனால் மகள் சோயா அப்படி இல்லை. வயது பதினொன்று. குரல் நாலு தெரு கேட்கும்.

"அந்த ரூம்ல வெயில் நேரத்துல காக்கா கூட உட்காராது அத்தா! அம்மா அங்க எப்படி கிளாஸ் எடுப்பாங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"இது சர்ப்ரைஸ் இல்ல. அநியாயம்!"

"நீ வண்டியைப் பார்த்தா இப்படிப் பேச மாட்டே. முழுக்க முழுக்க இரும்பு! இப்ப வர்ற வண்டி மாதிரி தொட்டா நசுங்காது."

சோயா கண்ணைச் சுருக்கினாள். "முழுக்க இரும்பா?"

"ஆமா!"

விறுவிறுவென்று உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த கிளி பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கினாள். பில் பறந்து கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கக்கூட இல்லை.

"நானும் வரேன்" என்றாள்.

மகளின் கோபம் தணிந்துவிட்டது என்று ஷாகுலுக்கு ஒரே சந்தோஷம். பைக்கில் ஏறும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். தணிந்ததாவது!

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அனகாபுத்தூரில். அவ்வளவு தூரம் எனக்குக் காது எட்டாது. ஆனால் சாயங்காலமே சோயா வந்து ஒன்று விடாமல் சொன்னாள். நான் இரண்டு முறுக்கு கொடுத்தேன். அது லஞ்சமில்லை, உபசாரம்.

அனகாபுத்தூரில் ஆற்றுப் பக்கம் ஒரு குறுகலான சந்து. அதன் கடைசியில் டெபோரா என்ற நர்ஸின் வீடு. அங்கே ஷெட்டில் பாலாடை நிறத்தில் பளபளவென்று நின்றது அம்பாசடர். பக்கத்தில் புரோக்கர் குமரேசன், தானே பெற்ற பிள்ளை மாதிரி அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வா சார், வா! வண்டி இன்னா ஷோக்கா கீது பாத்தியா? ஒரு கீறல் கீதா சொல்லு!"

ஷாகுல் வாயைப் பிளந்து பார்த்தார். இத்தனைக்கும் அவர் மறைமலை நகரில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருப்பவர். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் "ரிஜக்ட்" என்று தூக்கிப் போடுகிற மனுஷர். அன்று அந்தக் கண்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார் போலிருக்கிறது.

சோயா கிளியை எடுத்து வண்டியின் கூரையில் வைத்தாள். ஒட்டியது. முன் மூடியில் ஒட்டியது. கதவின் மேல்பக்கம் ஒட்டியது.

கதவின் அடிப்பக்கத்தில் வைத்தாள்.

டொப்.

கிளி கீழே விழுந்தது.

மறுபடி வைத்தாள். மறுபடி டொப். பின்சக்கரத்துக்கு மேலே, டொப். அடுத்த கதவில், டொப்.

"பாப்பா, விளையாடாதே. பெயின்ட் போயிடும்" என்றார் குமரேசன்.

"முழுக்க இரும்புன்னு சொன்னீங்களே அத்தா. இரும்புன்னா காந்தம் ஏன் விழுது?"

ஷாகுல் குனிந்தார். பைக் சாவியால் அந்த இடத்தை லேசாகக் குத்தினார். பெயின்ட்டோடு, அடியில் பூசியிருந்த பட்டிப் பசையும் பிஸ்கட் மாதிரி உடைந்து உதிர்ந்தது. துருவேறிய ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே விரிப்பைத் தூக்கினார். தரையில் தகடே இல்லை. எறும்புகள் மண்ணில் வரிசையாகப் போவது தெரிந்தது.

"குமரேசா!"

வாசலில் டெபோரா நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"வாட்டர் வாஷ்னு சொல்லித்தானே பத்து நாள் எடுத்துட்டுப் போன? வெள்ளத்துல முழுகின வண்டி, உள்ளதைச் சொல்லி வித்துக் குடுன்னுதானே உன்கிட்ட சொன்னேன்?"

"அக்கா, பார்வைக்கு நல்லாருக்கட்டுமேன்னு..."

"என் வீட்டு வாசல்ல நின்னு, என் பேரைச் சொல்லி ஏமாத்துவியா? இன்னிக்கு நைட் டியூட்டி எனக்கு. இருக்கிறதுலயே பெரிய ஊசியா எடுத்து வைக்கிறேன், வா!"

குமரேசன் பைக்கை உதைத்துக் கிளப்பிய வேகத்தில் ஹெல்மெட்டைக்கூட மறந்துவிட்டார்.

"பார்த்தீங்களா அத்தா? வாங்க, போலாம்" என்றாள் சோயா.

ஆனால் ஷாகுல் நகரவில்லை. முன் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, எதையோ மெதுவாகக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் சுத்துது சோயா. உயிரோட இருக்கு."

"ஓட்டை வண்டி அத்தா!" அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. "இதுக்காகவா அம்மாவை மாடிக்கு அனுப்பப் பார்த்தீங்க?"

ஷாகுல் நிமிரவில்லை.

"பன்னெண்டு வருஷமா ஒரே மாதிரி ரப்பர் வளையத்தைச் செக் பண்றேன்மா. தினமும் ஆயிரம் வளையம். அது எந்த வண்டிக்குப் போகுதுன்னு கூட எனக்குத் தெரியாது. ஒரு முழு வண்டியை ஒரு தடவையாவது என் கையால ஓட வைக்கணும்."

சோயா கீழே கிடந்த கிளியை எடுத்து மண்ணைத் துடைத்தாள்.

"இதை அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் பிறகு.

"சொல்லியிருக்கலாம்."

அவள் வண்டியைப் பார்த்தாள். அத்தாவைப் பார்த்தாள். பட்டித் தூளைத் துடைப்பத்தால் கோபமாகப் பெருக்கிக்கொண்டிருந்த டெபோராவைப் பார்த்தாள்.

"அத்தா, உங்களுக்கு வண்டி வேணுமா, ரிப்பேர் வேலை வேணுமா?"

"என்னது?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஷாகுல் யோசித்தார். "ரிப்பேர்தான்."

"ஆன்ட்டி, நீங்க வண்டியை விக்கணுமா? இல்ல, அது ஓடினா போதுமா?"

துடைப்பம் நின்றது. "ஓடினா நான் ஏன் விக்கப் போறேன்? இனிமே இது நாய் படுக்கத்தான் லாயக்குன்னு அந்தக் குமரேசன்தான் சொன்னான்."

"அப்போ வண்டி இங்கேயே நிக்கட்டும். அத்தா ஞாயித்துக்கிழமை வந்து ரிப்பேர் பண்ணட்டும். எதுக்கு வாங்கணும், விக்கணும்?"

டெபோராவின் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் குறைந்தது. "சாமான் என்ன வேணுமோ நான் வாங்கித் தரேன் தம்பி. சர்ச்லேருந்து வந்ததும் டீயும் போட்டுத் தரேன்."

சோயா அத்தாவைப் பார்த்தாள். உடனே தலையாட்டிவிடுவார் என்று நினைத்தாள்.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் அக்கா" என்றார் ஷாகுல்.

சோயாவின் கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டதாம்.

மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் பால்கனியில் வத்தல் காய வைத்துக்கொண்டிருந்தேன். அன்று நிறைய வத்தல். ஆறு பெண்களுக்கு நடுவே நின்று, ஷாகுல் காந்தம் முதல் எறும்பு வரை எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என் மேலதான்" என்றார். கடைசியில், "ஞாயித்துக்கிழமை நான் போகலாமா அக்தர்?" என்று கேட்டார்.

அக்தர் பேகம் மெஷினை நிறுத்தினார். எழுந்தார்.

"கையைத் தூக்குங்க."

ஷாகுல் பயந்துபோய் இரண்டு கையையும் தூக்கினார். அக்தர் பேகம் அளவு நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினார்.

"நல்ல சட்டையோட கிரீஸ்ல புரண்டு வந்தா யார் துவைக்கிறது? பொண்ணுங்களா, இன்னிக்குப் பாடம் மெக்கானிக் உடுப்பு. அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. இடுப்பு நாற்பத்தி ரெண்டு!"

"அக்தர், மெதுவா!"

"வயிறு, நாற்பத்தி நாலு!"

ஆறு பெண்களும் நோட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு எழுதினார்கள். சோயா வாசலுக்கு ஓடி வந்தாள், என் பால்கனியை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, வயிறு எவ்வளவுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க. எதிர் வீட்டு ஆன்ட்டிக்குக் கேக்கலையாம்!"

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. இருந்தாலும், இன்னொரு தடவை கேட்பதில் என்ன கஷ்டம்?